பிரிவது என்று முடிவான பிறகு: கொழும்பில் நான்கு வழிகள், நடுவில் பிள்ளைகள்

இனிச் சேர்ந்து வாழ முடியாது என்று இருவருக்கும், அல்லது ஒருவருக்காவது, தெளிவாகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். கொழும்பில் இருக்கும் ஒரு தமிழ்க் குடும்பத்துக்கு அதற்குப் பிறகு நான்கு வழிகள் உண்டு. நீதிமன்றப் பக்கமே போகாமல் தனித்தனியாக இருந்துவிடலாம். விவாகரத்து இல்லாமல் நீதிமன்றப் பிரிவுத் தீர்ப்பு மட்டும் எடுக்கலாம். நிபந்தனைகளைப் பேசித் தீர்த்துவிட்டு எதிர்ப்பில்லாத விவாகரத்துக்குப் போகலாம். அல்லது கடைசிவரை வழக்காடலாம்.

எது நல்லது என்று கேட்பவர்கள் பெரும்பாலும் செலவையும் காலத்தையும் ஊர்வாயையும் மனதில் வைத்தே கேட்கிறார்கள். மூன்றும் முக்கியம்தான். ஆனால் பிள்ளை இருக்கிற வீட்டில் அவற்றுக்கு முன்னால் இன்னொரு கேள்வி வரவேண்டும். பிள்ளை யாரோடு இருக்கும், அதன் செலவை யார் கட்டுவார், மற்றப் பெற்றோரை எப்போது பார்க்கும் என்பதை எந்த வழி நீதிமன்றக் கட்டளையாக எழுதித் தருகிறது? இந்த ஒப்பீட்டை நான் அந்தக் கேள்வியை வைத்தே செய்கிறேன்.

அடி உதை இருக்கிற வீடு என்றால் ஒப்பீடு பிறகு

வீட்டில் வன்முறை இருந்தால் முதலில் பாதுகாப்பு. 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை கேட்கலாம். இதற்கு விவாகரத்து வழக்குப் போட்டிருக்கத் தேவையில்லை. முதலில் 14 நாட்களுக்கு இடைக்காலக் கட்டளை, விசாரணைக்குப் பிறகு 12 மாதம் வரையான கட்டளை. வன்முறை செய்தவர் வீட்டுக்குள் வருவதையும் பிள்ளையை நெருங்குவதையும் நீதிமன்றம் தடுக்கலாம். உங்களுக்காகப் பொலிஸ் அதிகாரி ஒருவரும் விண்ணப்பிக்கலாம். பெண்களுக்கான உதவி இலக்கம் 1938, சிறுவர்களுக்கானது 1929, அவசரத்துக்குப் பொலிஸ் 119.

"குடும்ப விஷயம், பெரியவர்களை வைத்துப் பேசுவோம்" என்று மாமாமாரும் பெரியப்பாமாரும் வந்து உட்காருவார்கள். நல்ல மனதோடுதான் வருவார்கள். ஆனால் பயந்து நடுங்குகிற ஒருவரை எதிரில் இருத்தி வைத்துப் பேசுவதில் சமமான பேச்சு நடக்காது. கட்டளை கையில் வந்த பிறகு பேசட்டும்.

சட்டம் எங்கே நிற்கிறது

இணையத்தில் விவாகரத்து என்று தமிழில் தேடினால் வருவது அநேகமாக இந்தியச் சட்டம். ஆறு மாதக் காத்திருப்பு, குடும்ப நீதிமன்றம், பரஸ்பர சம்மத மனு எல்லாம் அங்கே உள்ளவை. அவற்றை வாசித்துவிட்டு இங்கே திட்டம் போடாதீர்கள்.

இலங்கையின் பொதுச் சட்டம் இன்னும் 1907ஆம் ஆண்டின் திருமணப் பதிவுக் கட்டளைச் சட்டத்தில்தான் நிற்கிறது. அது சொல்லும் காரணங்கள் மூன்று: திருமணத்துக்குப் பிந்திய சோரம் (வேறொருவரோடு உடலுறவு), கெட்ட எண்ணத்தோடு கைவிட்டுச் செல்லுதல், திருமண நேரத்திலேயே இருந்த தீராத ஆண்மையின்மை. இருவரும் ஒத்துக்கொண்டோம் என்பது அங்கே ஒரு காரணம் அல்ல. வழக்கு மாவட்ட நீதிமன்றத்தில், வழக்குப் போடுகிறவர் வசிக்கிற இடத்தின் அதிகார எல்லைக்குள் போடப்படும். கொழும்புக்கு அது புதுக்கடையில். தெற்குப் பக்கத்துக்குக் கல்கிசையில் ஒன்று உண்டு.

தாலி கட்டு நடக்காமல் எழுத்து (திருமணப் பதிவு) மட்டும் முடித்தவர்களுக்கும் இதே வழிதான். எழுத்து முடிந்தால் சட்டப்படி கணவன் மனைவிதான். "சடங்கு நடக்கவில்லையே, இரத்துச் செய்துவிடலாம்" என்று பதிவாளரிடம் போய் நிற்பதில் பலன் இல்லை.

முதல் வழி: சும்மா பிரிந்திருப்பது

தங்கச்சியின் கலியாணம் முடியட்டும், பிள்ளையின் புலமைப்பரிசில் பரீட்சை முடியட்டும் என்று பலர் இதில் இறங்குகிறார்கள். அவர் கொட்டாஞ்சேனையில் தாயோடு, இவர் வெள்ளவத்தையில் பிள்ளைகளோடு. செலவில்லை, சத்தமில்லை. சில மாதங்களுக்கு என்றால் நானும் இதைக் குறை சொல்ல மாட்டேன். வருடக்கணக்கில் இழுத்தால்தான் இது எல்லாவற்றையும்விட மோசமான வழியாகிறது.

காரணம், பிள்ளையைப் பற்றி எந்தக் கட்டளையும் இல்லாமல் போவது. ஒரு வெள்ளிக்கிழமை பாடசாலையிலிருந்து தகப்பன் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போய்த் திருப்பித் தரவில்லை என்றால், பெற்ற தகப்பன்தானே, நீதிமன்றத்துக்குப் போங்கள் என்றுதான் பொலிஸில் பொதுவாகச் சொல்வார்கள். தாய் கூட்டிக்கொண்டு போனாலும் அதே பதில்தான்.

பலருக்குத் தெரியாத இன்னொரு விஷயம் பணத்தில் இருக்கிறது. 1999ஆம் ஆண்டின் 37ஆம் இலக்கப் பராமரிப்புச் சட்டத்தின்படி, தன்னைத் தானே பராமரிக்க முடியாத கணவனோ மனைவியோ நீதவான் நீதிமன்றத்தில் பராமரிப்புப் பணம் கேட்கலாம். ஆனால் இருவரும் சம்மதித்துப் பிரிந்து வாழ்கிறார்கள் என்றால் அந்தக் கட்டளை கிடைக்காது. ஆகவே, "நாங்கள் இருவரும் மனமொத்துப் பிரிந்து வாழ்கிறோம்" என்று பெரியவர்கள் முன்னால் ஒரு கடதாசியில் கையெழுத்து வைக்கும் மனைவி, தன் உரிமையைத் தானே எழுதிக் கொடுத்துவிடுகிறார். பிள்ளையின் உரிமையை அது தொடாது. பிள்ளைக்கான பணத்தை எப்போதும் கேட்கலாம். 18 முதல் 25 வயதுவரை படித்துக்கொண்டிருக்கும் பிள்ளைக்கும் அந்தச் சட்டத்தில் இடம் உண்டு. பணம் கட்டாவிட்டால் சம்பளத்திலிருந்து கழிக்கச் சொல்லவும், சிறைக்கு அனுப்பவும் நீதவானுக்கு அதிகாரம் உண்டு.

"ஏழு வருடம் பிரிந்திருந்தால் தானாகவே விவாகரத்து" என்ற பேச்சும் நம்மிடையே பலமாக இருக்கிறது. குடியியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையில் ஏழு வருடப் பிரிவைப் பற்றி ஒரு பிரிவு இருப்பது உண்மை. ஆனால் ஏழு வருடம் கழிந்தது மட்டும் போதாது, மேலே சொன்ன காரணங்களைப் போன்ற தாம்பத்தியத் தவறு ஒன்றையும் நிரூபிக்க வேண்டும் என்று 1986இல் உயர் நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஏழு வருடத்தை எண்ணிக்கொண்டு இருப்பவர்கள் அதை நிறுத்திவிட்டுச் சட்டத்தரணி ஒருவரைப் பார்க்கட்டும்.

இரண்டாவது: நீதிமன்றப் பிரிவு

இதைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. திருமணம் அப்படியே இருக்கும், சேர்ந்து வாழும் கடமை மட்டும் நீங்கும். மறுமணம் செய்ய முடியாது. மத நம்பிக்கை காரணமாக விவாகரத்து வேண்டாம் என்பவர்கள், மனம் மாறலாம் என்று இன்னும் நம்புகிறவர்கள் இதை எடுக்கிறார்கள். இங்கேயும் பிள்ளைகளின் பொறுப்பைப் பற்றி மாவட்ட நீதிமன்றம் கட்டளை தரும். முதல் வழியைவிட இது மேலாவது அதனால்தான். பிரிவுத் தீர்ப்புக் கிடைத்து இரண்டு வருடம் போன பிறகு, இருவரில் ஒருவர் அதை விவாகரத்தாக மாற்றும்படி சுருக்க முறையில் கேட்கலாம்.

மூன்றாவது: பேசித் தீர்த்து, எதிர்ப்பில்லாமல்

எனக்கு இதுதான் பெரும்பாலான குடும்பங்களுக்குச் சரியென்று படுகிறது. ஒருவர் கைவிட்டுச் சென்றார் என்ற காரணத்தில் மற்றவர் வழக்குப் போடுவார். பிள்ளை, பணம், சொத்து பற்றிய நிபந்தனைகள் முன்கூட்டியே பேசப்பட்டு நீதிமன்றப் பதிவில் சேர்க்கப்படும். எதிர்த்தரப்பு விவாகரத்தை எதிர்க்காது. வழக்காளி கூண்டில் ஏறிச் சாட்சி சொல்ல வேண்டும். நீதிபதிக்குத் திருப்தி வந்தால்தான் தீர்ப்பு. ஆகவே நடக்காத ஒன்றை இருவரும் கூடிச் சோடிக்கக் கூடாது. கூட்டுச் சதி என்று தெரிந்தால் வழக்கே தள்ளுபடியாகும். நடந்ததை நடந்தபடி சொல்லி, சண்டையை மட்டும் விட்டுவிடுவதுதான் இந்த வழி.

முதலில் கிடைப்பது நிபந்தனையோடு கூடிய தீர்ப்பு. மூன்று மாதம் கழித்தே அது முற்றான தீர்ப்பாகும். இந்த மூன்று மாதத்துக்குள் மறுமண ஏற்பாடு செய்கிறவர்கள் உண்டு. அந்தத் திருமணம் செல்லாது. தீர்ப்பு முற்றாக்கப்பட்டதா என்று பார்த்து, சான்றுப்படுத்திய பிரதியைக் கையில் எடுத்த பிறகே அடுத்த வேலை.

இந்த வழியின் பலமும் பலவீனமும் நிபந்தனைகளை எழுதுவதில் இருக்கிறது. "பிள்ளை தாயிடம், தகப்பன் வந்து பார்க்கலாம்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டுப் பிறகு ஒவ்வொரு மாதமும் சண்டை பிடிக்கிறார்கள். எந்த நாள், எத்தனை மணிக்கு, எந்த இடத்தில் கையளிப்பது, யார் கூட்டிக்கொண்டு வருவது என்று எழுதுங்கள். தீபாவளி ஒருவரிடம் என்றால் தைப்பொங்கல் மற்றவரிடம். சித்திரை, ஓகஸ்ட், டிசம்பர் விடுமுறைகளை எப்படிப் பிரிப்பது? அப்பம்மா யாழ்ப்பாணத்தில் இருந்தால் நல்லூர்த் திருவிழாக் காலத்தில் பிள்ளை அங்கே போய் நிற்கலாமா? தகப்பன் கனடாவில் இருந்தால் வீடியோ அழைப்பு கொழும்பு நேரம் எத்தனை மணிக்கு? கேட்கச் சின்ன விஷயங்கள் போலத் தெரியும். சண்டை வருவது இவற்றில்தான்.

பணத்தையும் அப்படியே. மாதத் தொகையை மட்டும் எழுதாமல், பாடசாலை வான், டியூஷன், மருந்து, புத்தகம், சீருடை யார் பங்கு என்றும், விலைவாசி ஏறும்போது தொகை எப்படி உயரும் என்றும் எழுதுங்கள். 2022இல் விலைகள் ஏறிய வேகத்தைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. பணம் வங்கிக் கணக்குக்கே வரட்டும். கையில் கொடுத்த பணத்துக்குப் பிறகு இரு தரப்பிலும் சாட்சி இருக்காது.

கையெழுத்து இன்னொன்று. நம் நாட்டில் பிள்ளைப் பொறுப்பு விஷயத்தில் அடிப்படையாக இருப்பது ஒல்லாந்தர் காலத்தில் வந்த ரோமன் டச்சுச் சட்டம். அதில் தகப்பனே இயல்பான பாதுகாவலர். பிள்ளை தாயிடம் இருக்கும் என்று கட்டளை வந்தாலும் பாதுகாவலர் உரிமை முழுவதும் தாயிடம் வந்துவிட்டதாக ஆகாது. கடவுச்சீட்டு, பாடசாலை மாற்றம், சத்திர சிகிச்சைச் சம்மதம் ஆகியவற்றில் யார் கையெழுத்து வைப்பார் என்பதையும் நிபந்தனைகளில் போட்டுவிடுங்கள். ஒருவர் வெளிநாட்டில் இருக்கும் வீடுகளில் இந்த ஒரு வரி இல்லாததால் படுகிற பாடு பெரிது.

நான்காவது: வழக்காடுவது

சில வேளைகளில் வேறு வழியில்லை. வருமானத்தை மறைக்கிறார், பிள்ளையைக் காட்டவே மாட்டேன் என்கிறார், பேச வரவே மாட்டேன் என்கிறார் என்றால் வழக்காடத்தான் வேண்டும். அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. ஆனால் விலையைத் தெரிந்துகொண்டு இறங்குங்கள். தவணைக்கு மேல் தவணை போகும். சோரம் என்ற காரணத்தை எடுத்தால் சம்பந்தப்பட்ட மூன்றாம் ஆளையும் பிரதிவாதியாகச் சேர்க்க வேண்டிவரும். அதற்குப் பிறகு சமாதானப் பேச்சு மிகவும் கடினம். உண்மையாகவே அது நடந்திருந்தாலும், கைவிட்டுச் சென்றதை நிரூபிக்கப் போதிய சான்று இருந்தால் அந்தக் காரணத்திலேயே நிற்பது பிள்ளைகளுக்கு நல்லது என்பது என் எண்ணம். அம்மாவைப் பற்றியும் அப்பாவைப் பற்றியும் எழுதப்பட்டவை நீதிமன்றப் பதிவில் கிடக்கும். பிள்ளை வளர்ந்து ஒருநாள் வாசிக்கலாம்.

வழக்காடுவது என்று முடிவானால், தீர்ப்பு வரும்வரை காத்திருக்காமல் தொடக்கத்திலேயே இடைக்காலக் கட்டளை கேளுங்கள். வழக்கு நடக்கும் காலத்தில் பிள்ளை யாரிடம், எப்போது மற்றவர் பார்ப்பது என்பதற்கும், வருமானம் இல்லாத மனைவிக்கான இடைக்காலப் பணத்துக்கும் வழக்குச் செலவுக்கும் கேட்கலாம். நாள் போகப் போக நீதிமன்றம் பிள்ளையின் அப்போதைய நிலையைக் குலைக்கத் தயங்கும். ஆகவே தொடக்கத்தில் பிள்ளை எங்கே நிற்கிறது என்பதற்குப் பெறுமதி அதிகம்.

வழக்கின் நடுவிலும் மூன்றாவது வழிக்குத் திரும்பலாம். பல வழக்குகள் அப்படித்தான் முடிகின்றன.

கொழும்பில் நம்மவர்களுக்கு மொழி ஒரு தனிச் சுமை. வழக்கு நடவடிக்கைகள் அநேகமாகச் சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ நடக்கும். மொழிபெயர்ப்பு பெறுவது அரசியலமைப்பு தந்த உரிமை. விளங்காமல் தலையாட்டாதீர்கள், நிபந்தனைகள் பதிவாகும் நாளில் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று உங்கள் சட்டத்தரணி மூலம் கேளுங்கள்.

பிள்ளை யாரோடு?

எந்த வழியில் போனாலும் நீதிமன்றம் முதலில் பார்ப்பது பிள்ளையின் நலன். தகப்பனுக்குப் பழைய சட்டத்தில் முன்னுரிமை இருந்தது; இன்று பிள்ளையின் நலனே மேலே நிற்கிறது. கைக்குழந்தைகளும் சின்னப் பிள்ளைகளும் பொதுவாகத் தாயிடமே விடப்படுகின்றன. விளக்கம் சொல்லும் வயதுப் பிள்ளையை நீதிபதி தன் அறையில் தனியாக அழைத்துப் பேசலாம். நன்னடத்தை உத்தியோகத்தரிடம் அறிக்கை கேட்கலாம். அங்கே என்ன சொல்ல வேண்டும் என்று பிள்ளைக்குப் பாடமாக்கி அனுப்பும் பெற்றோர் இருக்கிறார்கள். பாடமாக்கிய பேச்சு நீதிபதிக்குத் தெரியாமல் போகாது. அதைவிட, அந்தச் சுமை பிள்ளையின் மனதில் தங்கிவிடும்.

ஒரு வாரம் அம்மா வீடு, ஒரு வாரம் அப்பா வீடு என்ற ஏற்பாட்டை வெளிநாட்டு உறவினரைப் பார்த்துச் சிலர் கேட்கிறார்கள். இரண்டு வீடும் ஒரே பாடசாலைக்குப் பக்கத்தில் இருந்து, பெற்றோர் முகம் பார்த்துப் பேசக்கூடியவர்களாக இருந்தால் பத்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளைக்கு அது ஒத்துவரலாம். ஒருவர் வத்தளையிலும் மற்றவர் தெஹிவளையிலும் என்றால் காலை வாகன நெரிசலில் பிள்ளைதான் வாடும். வார நாட்கள் ஒரு வீடு, வார இறுதி மாறி மாறி என்பதே கொழும்பு வாழ்க்கைக்குப் பொருந்துகிறது.

அம்மம்மாவிடம் விட்டுவிட்டு இருவரும் வெளிநாடு போவதும் நடக்கிறது. அன்பு இருக்கும், ஆனால் கையெழுத்து வைக்கும் அதிகாரம் இருக்காது. அப்படியானால் அதற்கும் நீதிமன்றக் கட்டளை எடுத்துவிட்டுப் போங்கள்.

பிள்ளையை நிரந்தரமாக வெளிநாட்டுக்குக் கூட்டிச் செல்ல நினைத்தால் மற்றவரின் எழுத்துமூலச் சம்மதமோ நீதிமன்ற அனுமதியோ வேண்டும். இல்லாமல் போனால் சர்வதேசச் சிறுவர் கடத்தல் பற்றிய ஹேக் உடன்படிக்கை குறுக்கே வரும். அதை இலங்கையில் நடைமுறைப்படுத்துவது 2001ஆம் ஆண்டின் 10ஆம் இலக்கச் சட்டம். 16 வயதுக்குட்பட்ட பிள்ளையைத் திருப்பி அனுப்பும் வழக்கை மேல் மாகாண மேல் நீதிமன்றம் விசாரிக்கும். உங்கள் பிள்ளையை மற்றவர் அப்படிக் கொண்டுபோவார் என்று பயமிருந்தால், பயணத் தடைக் கட்டளை கேட்டுக் குடிவரவுத் திணைக்களத்துக்கு அறிவிக்க வைக்கலாம். விமானம் ஏறிய பிறகு ஓடுவதைவிட இது எவ்வளவோ இலகு.

பிள்ளைப் பொறுப்புக் கட்டளை ஒருபோதும் கடைசியானது அல்ல. சூழ்நிலை மாறினால் மாற்றும்படி கேட்கலாம்.

வீடும் சீதனமும், வேறு சட்டங்களும்

யாழ்ப்பாண அடியுடையவர்களுக்கு, கொழும்பிலேயே வாழ்ந்தாலும், சொத்து விஷயத்தில் யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமை பொருந்தக்கூடும். சீதனம் மனைவியுடையது, திருமண காலத்தில் தேடியது தேடியதேட்டம். ஆனால் மனைவி தன் பெயரில் உள்ள காணியையோ பிளாட்டையோ விற்கக் கணவனின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். அவர் கைவிட்டுச் சென்றிருந்தால் மாவட்ட நீதிமன்றத்திடம் அந்த அனுமதியைக் கேட்கலாம். இதைத் தெரியாத சட்டத்தரணிகளும் கொழும்பில் இருக்கிறார்கள். தேசவழமை பழக்கமானவரா என்று முதல் சந்திப்பிலேயே கேட்டுவிடுங்கள்.

முஸ்லிம் குடும்பங்களின் விவாகரத்து 1951ஆம் ஆண்டின் முஸ்லிம் விவாக விவாகரத்துச் சட்டத்தின் கீழ் காதி நீதிமன்றத்தில் நடக்கும். ஆனால் பிள்ளை யாரிடம் என்ற வழக்குக்குக் காதியிடம் அதிகாரம் இல்லை. அதற்கு மாவட்ட நீதிமன்றம்தான்.

சட்டத்தரணியைப் பார்க்கப் போகுமுன்

திருமணச் சான்றிதழ், பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ் இவற்றின் சான்றுப்படுத்திய பிரதிகளைப் பிரதேச செயலகத்தில் எடுத்துவிடுங்கள். மூலப் பத்திரங்கள் பல வேளைகளில் மற்றவரின் அலுமாரியில் இருக்கும். பொலிஸில் முறைப்பாடு கொடுத்திருந்தால் அதன் பிரதி, வைத்தியசாலைக் குறிப்பு, பாடசாலை அறிக்கைகள், மற்றவரின் சம்பளத் தாளோ தொழில் விவரமோ, வாடகை ஒப்பந்தம், பிள்ளையின் மாதச் செலவைக் காட்டும் பற்றுச்சீட்டுகள் ஆகியவற்றையும் ஒரு கோப்பில் போடுங்கள். வாட்ஸ்அப் செய்திகளைக் கோபத்தில் அழிக்காதீர்கள். நீங்கள் அனுப்புவதையும் நீதிபதி வாசிக்கக்கூடும் என்று நினைத்து எழுதுங்கள்.

வீட்டை விட்டு வெளியேறுவது என்றால் ஏன் வெளியேறினீர்கள் என்பதற்கு அதே வாரத்தில் ஒரு பதிவு இருக்கட்டும். இல்லாவிட்டால் கைவிட்டுச் சென்றவர் நீங்கள்தான் என்று வழக்கு உங்கள் மேலேயே திரும்பும். அடி தாங்காமல் வெளியேறியவரைக் கைவிட்டுச் சென்றவராகச் சட்டம் எடுத்துக்கொள்வதில்லை. வெளியேற வைத்தவரே கைவிட்டவர். ஆனால் அதைக் காட்டச் சான்று வேண்டும்.

சட்டத்தரணிக்குக் கட்டப் பணம் இல்லை என்றால் புதுக்கடையில் உள்ள சட்ட உதவி ஆணைக்குழுவுக்குப் போங்கள். குறைந்த வருமானம் உள்ளவர்களுக்காக அவர்கள் வழக்கை நடத்துவார்கள். வருமானத்தைக் காட்டும் பத்திரங்களையும் கிராம சேவகரின் கடிதத்தையும் கையோடு கொண்டு போனால் மறுபடி அலைய வேண்டியிருக்காது.